பச்சைத் தோலும் பதனிட்ட தோலும்: ஓர் இசைக்குழு தன் ஒலியை அடைவது பற்றி

1

ஆம்பூர்ப் பக்கத்தில் தோலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டேனரிக்குப் போகிற வழி. உப்புத் தடவி வந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரை நீக்கி, ஒட்டியிருக்கிற சதையை வழித்து, சுண்ணாம்பைப் போக்கி, அதற்குப் பிறகு பதனிடுவார்கள். பழைய முறை என்றால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இப்போதைய முறை என்றால் குரோமிய உப்பு. குரோம் ஏறிய தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். தோல்களைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர உருளைக்கு அங்கே 'டிரம்' என்றுதான் பெயர். இரண்டாவது வழி மிகச் சிறியது, எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வராதது. தோல் பறைக்குப் போகிற வழி. அங்கே பட்டையும் இல்லை, குரோமும் இல்லை. மயிர் நீக்கிய பச்சைத் தோலை மரச் சட்டத்தின் மேல் இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவிடுவார்கள். அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேரணாம்பட்டுப் பக்கம் சாவுக்கும் சாமிக்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். வேலையில்லாத நாட்களில் டேனரிக்குக் கூலியாகவும் போனவர். "இவ்ளோ தோலு பக்கத்துலயே கீதே தாத்தா, அதுல ஒண்ணை வாங்கி மேளம் கட்டக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "இன்னா தம்பி நீ, படிச்ச புள்ள. பதம் போட்ட தோலு செருப்புக்கு ஆவும். மேளத்துக்கு ஆவாது. அது பேசாது. நெருப்புல காட்டினாலும் அதுக்கு ரோசம் வராது."

ரோசம் என்கிற அந்தச் சொல்லைத் தோல் தொழிலின் அறிவியல் தலைகீழாக உறுதிசெய்கிறது. குரோம் போட்ட தோல் தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கவில்லை என்றால் தேறியது. சூட்டுக்கு எதிர்வினை காட்டாமல் இருப்பதே பதனிட்ட தோலின் தகுதி. பறையின் தகுதி இதற்கு நேரெதிர். அடிப்பதற்கு முன் வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்திக் காட்டினால் தோலின் ஈரம் போய் இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. அடிக்க அடிக்க, காற்றின் ஈரம் பட்டு, இறங்குகிறது. மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காய்ச்ச வேண்டும்.

சுயாதீன ராக் இசைக்குழு ஒன்று தமிழில் எப்படி உருவாகிறது, தனக்கான ஒலியை எங்கிருந்து பெறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இந்தப் பொருள் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 'கிழக்கும் மேற்கும் கலந்தது' என்று கலவையைக் கொண்டாடுவது. மற்றது, பாட்டு வரிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கருத்தியலைப் பாராட்டுவது அல்லது திட்டுவது. இரண்டிலும் ஒலி காணாமல் போகிறது. ஒலியைப் பற்றிப் பேச வேண்டுமானால் தோலைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதால் அந்தப் பெரியவரிடமிருந்து தொடங்குகிறேன்.

2

எங்கள் ஊரில் 'பேண்டு' என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற பேண்டு செட். தொப்பியும் சரிகைச் சட்டையும் போட்டுக்கொண்டு டிரம்பெட் ஊதுகிறவர்கள். ராக் பேண்டு என்கிற பொருளில் அந்தச் சொல்லைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேட்டேன். அந்தச் சொல்லோடு ஒரு புராணமும் சேர்ந்து வந்தது. நாலு நண்பர்கள் சந்திப்பார்கள், ஒரு கார் ஷெட்டில் வாசிப்பார்கள், ஒருநாள் ஒலி பிறந்துவிடும். 1957 ஜூலையில் லிவர்பூலின் ஒரு புறநகரில், தேவாலய விழா ஒன்றில் லெனனும் மெக்கார்ட்னியும் சந்தித்த கதைதான் இதன் மூலப்பிரதி. நட்பு இயல்பானது, ஆகவே அதிலிருந்து பிறக்கிற இசையும் இயல்பானது, உண்மையானது. இதுதான் அந்தப் புராணத்தின் தர்க்கம்.

இந்தியாவுக்கு இந்த வடிவம் வந்தபோது நட்போடு விளம்பரமும் வந்தது. ஒரு சிகரெட்டின் பெயரில் நடந்த 'சிம்லா பீட்' போட்டியிலிருந்து 1970, 1971 ஆண்டுகளில் வந்த இரண்டு இசைத்தட்டுகள் அந்தக் காலத்தின் ஆவணம். பாடியவர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள். ஆங்கிலப் பள்ளியும் ஆங்கில ரிக்கார்டும் கிடைத்த வீடுகளின் இசை அது. இந்திய மொழியில் ராக் தன் நாக்கைக் கண்டுகொள்ள நாளாயிற்று. டெல்லியில் 1990இல் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்', மலையாளத்தில் தன் முதல் தொகுப்பை 2008இல் வெளியிட்ட 'அவியல்' என்று சில பெயர்களைச் சொல்லலாம். தமிழில் தாமதத்துக்குக் காரணம் வெளிப்படை. இங்கே பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. 'சுயாதீனம்' என்கிற சொல்லுக்கே தமிழில் 'சினிமாவைச் சாராதது' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

நாங்களும் ஒரு பேண்டு ஆரம்பித்தோம். இதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஆம்பூரில், 2000களின் கடைசி வருடங்களில். கிடார் வாசித்தவன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்துப் பழகியவன். கீபோர்டுக்காரனும் அப்படித்தான். தமிழ் எம்.ஏ. படிக்கப் போகிறவன் என்பதால் பாட்டு எழுதுகிற வேலை எனக்கு. டிரம் செட் வாங்க வழியில்லை. காலனியிலிருந்து வந்த நண்பன் தன் மாமாவின் பறையைக் கொண்டுவந்தான். தெரிந்த ஒருவர் மாடியறையைக் கொடுத்திருந்தார். இரண்டாம் நாளே அவர் மேலே வந்து, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்: "கிடார் வாசிங்கப்பா, கீபோர்டு வாசிங்க. அந்த மேளம் மட்டும் மாடிக்கு வேணாம்."

அவரை நான் குறை சொல்லப்போவதில்லை. குறை எங்களிடம். "இப்போதைக்குக் கீபோர்டுலயே ரிதம் போட்டுக்கலாண்டா" என்று அவனிடம் சொன்னது நான்தான். அந்தக் கீபோர்டில் தயார்த் தாளங்களுக்கான பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் 'ராக்' என்று எழுதியிருந்தது. அதை அமுக்கினோம். அவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான், சிரித்தான், பறையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. எங்கள் ராக் பேண்டு ஒரு பொத்தானோடு முடிந்தது.

அப்போது அது ஒரு சில்லறைச் சம்பவமாகப் பட்டது. இன்றைக்கு அதில் ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை தெரிகிறது. நட்பிலிருந்து இசைக்குழு பிறக்கிறது என்கிற புராணம், நட்புக்கு ஒரு பொதுத்தெரு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் ஒரு மைல் சுற்றளவுக்குள் தேவாலயத்தில் கிடார் கேட்கும். உருது முஷாயிராவில் கவிதை விடிய விடியக் கேட்கும். காலனியில் பறை கேட்கும். திருவிழா வந்தால் பம்பையும் உடுக்கையும் கேட்கும். இத்தனை ஒலிகளும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. டேனரிக்குள்ளே ஒரே தோலைத் தொடுகிறவர்கள் வெளியே ஒரே அறையில் வாசிக்கவில்லை. தெருவே பிரிந்துகிடக்கிற ஊரில் கார் ஷெட் எங்கே இருக்கும்? அது யாருடைய கார் ஷெட்டாக இருக்கும்?

3

இந்தக் கேள்வியோடுதான் நான் காஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கேட்கிறேன். 2017இல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'குரங்கன்' குழுவின் வழியாகச் சுயாதீன இசையில் முன்பே அறியப்பட்டிருந்த டென்மாவும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். குரல் தேர்வு வைத்துக் கானா பாடகர்களையும் தாளக் கலைஞர்களையும் எடுத்தார்கள். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. மேடையில் 19 பேர், கோட்டும் சூட்டுமாக. ஒரே ஒரு பெண், இசைவாணி.

இதை ராக் பேண்டு என்று சொல்லலாமா என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. நண்பர்கள் தாமாகச் சேர்ந்தது இல்லையே, ஒரு சினிமா இயக்குநர் ஆள் எடுத்துச் செய்ததாயிற்றே, இதில் சுயாதீனம் எங்கே? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது லிவர்பூல் புராணத்திலிருந்து எழுகிற கேள்வி. பொதுத்தெரு இல்லாத இடத்தில் அறையை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். கிடாரும் சட்டியும் ஒரே அறைக்குள் வர ஓர் அமைப்பு தேவைப்பட்டது என்றால் அது அந்தக் குழுவின் செயற்கைத்தனத்தைக் காட்டவில்லை. நம்முடைய 'இயல்பு' எவ்வளவு செயற்கையாகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அந்த மாடியறையில் எங்களுக்கு இல்லாமல் போனது இசையறிவா, இல்லை. மேளம் மாடிக்கு வரும் என்று சொல்ல ஓர் ஆள். அவ்வளவுதான்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்கிற கருத்திலிருந்து வந்தது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்படுகிற பெயரை நாமே நிமிர்ந்து சொல்வோம் என்பது அவர் வழி. அயோத்திதாசருக்கு அது உடன்பாடில்லை. அந்தப் பெயரே எதிரிகள் சூட்டியது, நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதம் அற்றவர் என்பது அவர் வழி. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அவருடைய பௌத்த இயக்கத்துக்கு எங்கள் பக்கத்துத் திருப்பத்தூரிலும் கோலார் தங்கவயலிலும் வலுவான கிளைகள் இருந்தன. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகிற அதே ரயில் பாதை, அதே உழைக்கும் மக்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது என்பதை நினைத்துக்கொண்டால், தோல் பட்டைக்கும் கானா பிறந்த வடசென்னைக்கும் இடையே இருக்கிற தூரம் நாம் நினைக்கிற தூரம் இல்லை என்பது தெரியும். தோல் அந்தப் பாதையில் பெரியமேட்டு மண்டிக்குப் போயிற்று. வேலை தேடிய மக்களும் போனார்கள்.

பெயரை மறுப்பதா, பெயரை உரிமைகொள்வதா என்கிற அந்தச் சண்டை நூறு வருடம் கழித்து 1990களில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. பல ஊர்களில் தலித்துகள் சாவுக்குப் பறை அடிக்க மறுத்தார்கள். அடி வாங்கியும் மறுத்தார்கள். அதே காலத்தில் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியது. கே.ஏ.குணசேகரன் போன்றவர்கள் நாட்டுப்புற இசையை எதிர்ப்பின் இசையாகப் பாடிக்காட்டினார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு வழிபாட்டுக்குள்ளேயே அந்த இசையைக் கொண்டுவந்தார். பறையைக் கீழே போடு என்று ஒரு குரல், பறையைக் கையில் எடு என்று ஒரு குரல். இரண்டும் விடுதலையின் குரல்கள்தான். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வெளியே நிற்கிற விமர்சகனுக்கு யோக்கியதை கிடையாது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்த காரியம் இந்த வாதத்தைத் தீர்த்துவைத்தது இல்லை, அதை அப்படியே மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. பெயர் அயோத்திதாசருடையது. சத்தம் சீனிவாசனுடையது. சாதியற்றவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு சாதி முத்திரை குத்தப்பட்ட தோலை அடிக்கிறார்கள். பறையடிக்கிறவனுக்குச் சமூகம் விதித்த உடையைக் கழற்றிப்போட்டு, அம்பேத்கரின் கோட்டைப் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். இது முரண்பாடுதான். அந்த முரண்பாடு இறுகி நிற்கிற இழுவிசையில்தான் அந்தக் குழுவின் ஒலி இருக்கிறது என்பது என் வாதம். சட்டம் ஒரு பக்கம் இழுக்க, தோல் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் பிறப்பதுதானே பறையின் சத்தம்.

4

இனி ஒலிக்குள் போகலாம். கிடாரின் நரம்பு ஒரு சுரத்தை எழுப்பும்போது அதன் மேல்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்கான விகிதத்தில் வருகின்றன. அதனால்தான் அது சுரமாகக் கேட்கிறது. சட்டத்தில் கட்டிய தோல் அப்படி இல்லை. அதன் மேல்சுரங்கள் முழு எண்களில் விழுவதில்லை. அதைத்தான் காது 'சத்தம்' என்று வாங்கிக்கொள்கிறது. மிருதங்கத்தின் கரணையில் கருமை பூசி இந்த ஒழுங்கின்மையை ஒழுங்காக்கியிருக்கிறார்கள். சி.வி.ராமன் 1920இலும் 1934இலும் எழுதிய ஆய்வுகள் இதை விளக்கின. அற்புதமான தொழில்நுட்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு என்று தோல் கொண்டுவந்து கட்டுகிறவர்கள் யார் என்று கேட்டு டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த அரங்கைக் கலாக்ஷேத்திரா திரும்ப எடுத்துக்கொண்டது. தோலின் ஓசை சபைக்குள் வரலாம். தோலின் வரலாறு வரக் கூடாது. சத்தத்துக்கும் இசைக்கும் நடுவே கோடு போடுகிறது அதிகாரம் என்று ழாக் அத்தாலி 1977இல் எழுதியதைப் படிக்கப் பாரிஸ் போக வேண்டாம், மயிலாப்பூர் போனால் போதும்.

இப்போது ராக் இசையின் பக்கம். மின்கிடாரில் 'டிஸ்டார்ஷன்' என்று ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை அதன் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் ஒலி கிழிகிறது. இல்லாத மேல்சுரங்கள் வந்து சேர்கின்றன. இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கின்றன. ஆரம்பத்தில் இது கோளாறு. பிறகு இதுவே ராக்கின் அடையாளம். டிஸ்டார்ஷன் போட்ட கிடார் சுரத்திலிருந்து சத்தத்தை நோக்கி ஒரு படி இறங்கி வருகிறது. கரகரப்பு மிஞ்சிவிடும் என்பதால் ராக் வாசிப்பவர்கள் பல நேரம் மூன்றாவது சுரத்தை விட்டுவிட்டு வெறும் இரண்டு சுரத்தில் அடுக்கு அமைக்கிறார்கள். மேஜரும் இல்லை மைனரும் இல்லை, நடுவே ஒரு காலி இடம். கானாக் குரல் சுரத்துக்குச் சுரம் குதிப்பதில்லை. இழுத்து, சறுக்கி, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் போகிறது. ரொலான் பார்த் குரலின் இழை என்று சொன்னது, குரலில் கேட்கிற உடம்பு, கானாவில் எந்த ஒப்பனையும் இல்லாமல் கேட்கும். அந்தக் குரலுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். மூன்றாவது சுரம் இல்லாத அந்தக் காலி இடம் அதற்குப் பொருந்துகிறது.

ஆகவே, தமிழில் ராக் என்பது கிடாருக்குப் பறையைச் சேர்ப்பது என்று நினைக்கிறவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். பறையும் சட்டியும் இருக்கிற இடத்துக்குக் கிடார் இறங்கி வர வேண்டும். அப்படி வருகிற நேரங்களில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஒரு பேண்டு. 'ஜெய்பீம் ஆந்தம்' கேட்டுப் பாருங்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா'வில் கேலியும் கோபமும் தாளத்தின் மேல் ஏறி நிற்பதைக் கேளுங்கள். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல் இசைவாணி பாடிய 'ஐயாம் சாரி ஐயப்பா'வில் குரலின் அலட்சியமே அரசியல். அந்தப் பாட்டுக்காக 2024இல், ஆறு வருடம் கழித்து, அவர் மேல் புகார்கள் கொடுக்கப்பட்டன என்றால் அந்தத் தோலின் சூடு இன்னும் ஆறவில்லை என்றுதானே அர்த்தம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 19 பேர் ஒரே மேடையில் நிற்கும்போது பல இடங்களில் கிடார் இடைவெளி நிரப்புகிற வேலையைத்தான் செய்கிறது. சில பாட்டுகள் துண்டறிக்கையின் அவசரத்தில் இருக்கின்றன. கருத்து முந்திப் போய்விடுகிறது, தாளம் பின்னால் ஓடி வருகிறது. பறையைத் தொடக்கத்தில் அறிவிப்புக்கு அடித்துவிட்டுப் பிறகு டிரம் செட்டின் கையில் பாட்டை ஒப்படைத்துவிடுகிற இடங்களும் உண்டு. அந்த டிரம் செட்டைப் பற்றி ஒரு விஷயம். மேற்கத்திய டிரம்முக்கும் முன்பு கன்றின் தோல்தான். 1957 வாக்கில் அமெரிக்காவில் ரெமோ, எவன்ஸ் போன்றவர்கள் பாலியெஸ்டர் படலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மழையிலும் வெயிலிலும் சுருதி மாறாதது. லெனனும் மெக்கார்ட்னியும் சந்தித்த அதே வருட வாக்கில் ராக் தன் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டது. இன்றைக்கு நம் ஊரிலும் செயற்கைத் தோல் போட்ட பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மேடைக்குச் சௌகரியம். வாசிக்கிறவரின் சிரமம் எனக்குத் தெரியும், குற்றம் சொல்லவில்லை. ஆனால் காய்ச்ச நெருப்புத் தேவைப்படாத பறைக்கு ரோசம் எங்கிருந்து வரும் என்கிற அந்தப் பெரியவரின் கேள்வி என்னை விடுவதில்லை.

5

பதனிடுதல் என்பதை உருவகமாக எடுத்துக்கொள்கிறபோது எனக்குக் கூச்சம் வராமல் இல்லை. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அதற்கு 18 வருடங்களுக்கும் முன்பே, 1996 ஆகஸ்டில், பாலாற்றின் நிலையைப் பார்த்து, மாசுபடுத்துகிறவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பு எழுதியிருந்தது. டி.செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றி எழுதியதை எங்கள் ஊருக்கும் வைத்துப் படிக்கலாம். இந்த ரத்தமும் சேறும் இருக்கிற சொல்லை இசை விமர்சனத்தில் சும்மா ஓர் அலங்காரமாக வைக்கக் கூடாது. ஆனாலும் வைக்கிறேன். காரணம், இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். பச்சையாக வந்த பொருள் நெடுநாள் நிற்கிறதாக, தூரதேசம் போகிறதாக மாற்றப்படுகிறது. மாற்றுகிற வேலையில் அது எங்கிருந்து வந்தது என்பது போய்விடுகிறது. ஆம்பூர் ஷூ ஐரோப்பாக் கடையில் நிற்கும்போது அதில் ஆம்பூர் வாசனை கிடையாது.

அறிவின் கதை இதுதான். அரக்கோணத்துக்காரர். தோல் பட்டைக்குப் போகிற அதே ரயில் பாதையில், ராணிப்பேட்டைக்கு முன்னால் இருக்கிற ஊர். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் வளர்ந்தவர். 2019இல் ஓஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' வெளியிட்டார். குறளின் பெயரைத் தெருவுக்கு இறக்கிய அந்தத் தலைப்பு ஒன்றே தமிழ்த்துறைகளுக்குப் போதுமான பாடம். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில், தீயோடு சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் இருப்பதை அறிவே பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டு உலகமெல்லாம் போயிற்று. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் படம் இல்லாமல் வந்தது. ரஞ்சித் கேட்டார், பலர் கேட்டார்கள், பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டபோது மேடையில் அறிவு இல்லை. அதன்பிறகு பாட்டின் உருவாக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவு ஒரு விளக்கம் கொடுத்தார், இசையமைப்பாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். யார் சொல்வது சரி என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் தெரிகிற பிரச்சினை வேறு.

1957இன் பதிப்புரிமைச் சட்டமும் 2012இல் அதில் வந்த திருத்தமும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று தனித்தனி ஆட்களைப் பார்க்கின்றன. இந்தப் பிரிவினை சினிமாவின் வேலைப் பிரிவினைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பேண்டு என்கிற வடிவம் இந்தப் பிரிவினைக்கு எதிரானது. மெட்டும் சொல்லும் தாளமும் ஒரே அறையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உருவாகிற இடம் அது. யாருடைய அடி எப்போது மெட்டானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டியின் ஒப்பாரிக்கு யார் உரிமையாளர்? தொழிற்சாலைக்குள் போகும்போது இந்தக் கூட்டுத்தன்மைதான் முதலில் வழித்தெடுக்கப்படுகிறது, தோலிலிருந்து சதையை வழிக்கிற மாதிரி. 2022 வாக்கில் அறிவு 'அம்பாசா' என்று தனக்கென ஒரு பேண்டு அமைத்துக்கொண்டதையும், 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்ததையும் நான் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். பெயரை இழந்த இடத்தில் பாட்டியின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு திரும்ப வருகிறார். குழுவாகவும் திரும்ப வருகிறார்.

இதிலிருந்து சினிமா கெட்டது, மேடை நல்லது என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. ரஞ்சித்தின் சினிமா இல்லை என்றால் கீழ்ப்பாக்கத்து மேடை இல்லை. 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இல்லை. பச்சைத் தோலுக்கும் ஆபத்து உண்டு. கவனிக்காமல் விட்டால் அழுகும், புழு வைக்கும். பதனிடுகிற வேலையில்தான் எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை கொதிக்கிறது. கானாவும் பறையும் சேரியிலேயே, சாவு வீட்டிலேயே இருந்தால்தான் அசல் என்று சொல்கிற ரசிகர்களை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுகிறேன். அந்த மாடி வீட்டுக்காரரும் அதைத்தானே சொன்னார்? மேளம் அதன் இடத்தில் இருக்கட்டும் என்று.

6

ஆக, ஓர் இசைக்குழு தன் ஒலியைக் கண்டுபிடிக்கிறது என்று சொல்வதே தவறான வாக்கியம். கண்டுபிடித்துவிட்டால் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அடுத்த கச்சேரிக்கு அப்படியே எடுத்து வைக்கலாம். அது பதனிட்ட ஒலி, பொத்தானை அமுக்கினால் வருகிற ஒலி. பறை ஒவ்வொரு முறையும் நெருப்பைக் கேட்கிறது. பெயரை மறுப்பதா உரிமைகொள்வதா, மேளத்தைக் கீழே போடுவதா கையில் எடுப்பதா என்கிற வாதங்கள் முடிந்துவிட்டதாக ஒரு குழு நினைக்கிற அன்றைக்கு அதன் தோல் தளர்ந்துவிடும். பிறகு கிடாரை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தமிழுக்குக் கொடுத்தது ஒரு பாணியை என்று நான் நினைக்கவில்லை. பாணி என்றால் அதை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம், அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அது கொடுத்தது அந்த அறையை, மேளம் மாடிக்கு வரலாம் என்கிற ஓர் அறையை.

மாசி அமாவாசையில் வேலூரில் மயானக் கொள்ளைக்கு எல்லாத் தெருவிலிருந்தும் தேர்கள் பாலாற்றுக்கு வரும். தண்ணீரில்லாத ஆற்று மணலில் பம்பையும் பறையும் பேண்டு செட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கேட்கும். ஒருமுறை அங்கே கூட்டத்தில் அந்தப் பழைய நண்பனைப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் வேலை, இரண்டு குழந்தைகள். பேசிக்கொண்டே இருந்தவன், "இன்னாடா, பேண்டப் பத்தியெல்லாம் எழுதறியாமே" என்றான். ஆமாம் என்றேன். "எங்க கேட்டு எழுதற?" என்றான்.

பக்கத்தில் யாரோ பேப்பரைக் கொளுத்தி மேளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் இருவரும் அந்தத் தோல் ஏறுகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.